லான்சரில் எவோ பம்பர்: ஒரு ஃபைபர் பம்பர் மறுபொருத்தம் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் தயாரித்து வந்த மிட்சுபிஷி லான்சர், விற்பனை நின்று பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் பற்றுடன் பராமரிக்கப்பட்டு வரும் கார்களுள் ஒன்று. அதை வைத்திருப்பவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. அதே உடற்கூட்டின் மீது ஜப்பானில் எழுப்பப்பட்ட ராலிப் பந்தயக் காரான லான்சர் எவோவின் முகத்தைத் தம் காருக்கும் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதே அது. எவோவின் அசல் பம்பர் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. எனவே கண்ணாடி இழையை ரெசின் என்னும் இறுகும் பசையில் தோய்த்துச் செய்யும் ஃபைபரில் வார்த்து விற்கப்படும் நகல் பம்பர்களை நாடுகிறார்கள். கோவையைச் சேர்ந்த ஒருவரின் கருப்பு நிற 1.5 லிட்டர் பெட்ரோல் லான்சரில் அவ்வாறு பொருத்தப்பட்ட எவோ 6 வடிவ முன்பம்பர் ஒன்று ஓராண்டுக்குள் பழுதானது ஏன் என்பதையும், அது எவ்வாறு சீர்செய்யப்பட்டது என்பதையும் இந்த ஆய்வு விவரிக்கிறது.

கார் எங்களிடம் வந்தபோது உரிமையாளர் மூன்று குறைகளைச் சொன்னார். இரு பக்கமும் முன்சக்கர வளைவை ஒட்டித் திருகு இறங்கும் இடங்களில் பெயிண்ட் வெடித்து விரிசல் ஓடியிருந்தது. இடப்பக்க விரிசல் உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. பம்பரின் மேல்முகத்தில், வெயில் நேராக விழும் பரப்பில், உள்ளிருக்கும் கண்ணாடி இழைகளின் தடம் பெயிண்டின் மேல் தெரியத் தொடங்கியிருந்தது. கீழ்விளிம்பில் சிறு கொப்புளங்களும் இருந்தன. மூன்றாவது குறையை அவர் பம்பரோடு தொடர்புபடுத்தவே இல்லை. "சார், ஓட்டத்துல ஒண்ணும் தெரியல. சிக்னல்ல நின்னா மட்டும் ஏசி காத்து சூடா வருது, டெம்பரேச்சர் முள்ளும் ஏறுது" என்றார். இதற்காக ஏசி மெக்கானிக்கிடம் காட்டி கேஸ் நிரப்பியும் பயனில்லை. ஒன்று ஃபைபர் வேலை செய்பவருக்கு, ஒன்று பெயிண்டருக்கு, ஒன்று ஏசி மெக்கானிக்குக்கு என மூன்று தனித்தனி வேலைகளாக அவர் எண்ணியிருந்தார். பரிசோதித்துப் பார்த்ததில் மூன்றுக்கும் வேர் ஒன்றாகவே இருந்தது. அச்சிலிருந்து எடுத்த வார்ப்பை, முடிவுற்ற உதிரிபாகமாகக் கருதி அப்படியே காரில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

கழற்றிப் பார்த்ததில் தெரிந்தவை

சக்கர வளைவில் இருந்த திருகுகளைத் தளர்த்திய உடனேயே பம்பரின் இரு பக்க முனைகளும் ஃபெண்டரை விட்டு வெளியே தெறித்து நின்றன. இடைவெளியில் இரண்டு விரல்களைத் தாராளமாக நுழைக்க முடிந்தது. அந்த அளவு விறைப்பை ஒரு பக்கத்துக்கு இரண்டு சிறிய திருகுகள் மட்டுமே இழுத்துப் பிடித்திருந்தன. திருகின் தலைக்கடியில் அகன்ற வாஷர்கூட இல்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த இழுவிசை முழுவதும் திருகுத் துளையின் விளிம்பில் வந்து நின்றிருக்கிறது. விரிசல் அங்கிருந்து புறப்பட்டதில் வியப்பில்லை.

பெயிண்டைத் தேய்த்து எடுத்தபோது மூலைப் பகுதியில் பட்டி மிகத் தடிமனாக இருந்தது. ஓரிடத்தில் அளந்தபோது 12 மி.மீ. காட்டியது. பட்டி என்பது சிறு பள்ளங்களை நிரப்புவதற்கானது. இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் போகும் இடத்தில் அது வடிவத்தைத் தாங்கும் பொருளாக மாறிவிடுகிறது. ஆனால் அதற்குள் இழை கிடையாது. அதிர்வைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. பெயிண்டைப் போக்க இங்கே ரசாயன ரிமூவர் பயன்படுத்தப்படவில்லை. அது பாலியெஸ்டர் ரெசினையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும். நேரம் பிடித்தாலும் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதே முறை.

உட்புறத்தில் சில பகுதிகளில் இழைகள் ரெசின் ஏறாமல் வெண்மையாகக் கிடந்தன. தடிமன் 2 மி.மீ. முதல் 5 மி.மீ. வரை சீரின்றி இருந்தது. இவற்றைவிடக் கவலை தந்தது மற்றொன்று. காரின் அசல் பம்பருக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரும்புக் குறுக்குச் சட்டம் கழற்றப்பட்டு, அதன் இடத்தில் மெல்லிய பட்டை இரும்பு வைத்து ஃபைபர் பம்பரைத் தொங்கவிட்டிருந்தார்கள். மோதலின் விசையை வாங்கிக் காரின் நீள்சட்டங்களுக்குக் கடத்துவது அந்தக் குறுக்குச் சட்டம்தான். நாம் வெளியே பார்க்கும் பம்பர் அதன்மீது போர்த்திய மூடி மட்டுமே. நல்லவேளையாக உரிமையாளர் பழைய பம்பரையும் சட்டத்தையும் வீட்டில் பத்திரப்படுத்தியிருந்தார். அவை கிடைக்காமல் போயிருந்தால் இந்த வேலையை எடுத்திருக்கவே மாட்டோம்.

80 மி.மீ. எங்கிருந்து வந்தது

முனைகள் தெறித்து நின்றதற்குக் காரணம் வார்ப்புப் பிழை மட்டுமல்ல என்பது அளவுகளை ஒப்பிட்டபோது தெளிவாயிற்று. சாதாரண லான்சரின் அகலம் 1690 மி.மீ. 1996-இல் வந்த எவோ 4 காரும் அதே அகலம்தான். ஆனால் 1998-இல் எவோ 5 வந்தபோது அகன்ற சக்கரங்களுக்கு இடம்தர ஃபெண்டர்கள் புடைக்கப்பட்டு, அகலம் 80 மி.மீ. கூடி 1770 மி.மீ. ஆனது. 1999-இன் எவோ 6 காருக்கும் அதுவே அளவு. ஆகவே எவோ 6 வடிவப் பம்பர், புடைத்த ஃபெண்டரைத் தொடுவதற்காகப் பக்கத்துக்கு 40 மி.மீ. விரிந்து செல்லும்படி வடிவமைக்கப்பட்டது. அதைப் புடைப்பு இல்லாத திருவள்ளூர் லான்சரில் வைத்தால் முனைகள் அந்தரத்தில்தான் நிற்கும். எவோ 4 வடிவத்தைத் தேர்ந்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. ஆனால் விற்பவர்கள் "லான்சருக்கு எவோ பம்பர்" என்றுதான் சொல்கிறார்களே தவிர, எந்த எவோ என்று சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

இத்துடன் நகலெடுப்பின் பிழையும் சேர்கிறது. பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 7 சதவீதம் வரை சுருங்கும். கண்ணாடி இழை அதில் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்திவிடும் என்றாலும், இவ்வளவு நீளமான பொருளில் சில மி.மீ. குறையவே செய்யும். நகல் பம்பரிலிருந்து அச்செடுத்து, அந்த அச்சில் வார்த்ததிலிருந்து மறுபடி அச்செடுக்கும் பழக்கம் சந்தையில் இருப்பதால், ஒவ்வொரு தலைமுறைக்கும் சில மி.மீ. தேய்கிறது. போதாக்குறைக்கு, அச்சைச் சீக்கிரம் காலி செய்யும் அவசரத்தில் முழுதும் இறுகாத வார்ப்பை உரித்துச் சுவரில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். அது சாய்ந்த வாக்கிலேயே வளைந்து இறுகிப் போகிறது. நம் பம்பரின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

ஃபைபர் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை

தொழிற்சாலைப் பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் சார்ந்த பிளாஸ்டிக்கால் ஆனவை. கிளிப்புகளில் கொஞ்சம் தப்பாக மாட்டினாலும் அவை வளைந்து கொடுத்து உட்கார்ந்துவிடும். நறுக்கிய இழைப் பாயான மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த ஃபைபர் பலகையோ ஏறத்தாழ 2 சதவீத நீட்சிக்குள்ளேயே முறிந்துவிடும். திருகை இறுக்கி அதை வளைப்பது, முறிவை நோக்கி அதைப் பாதிவழி கொண்டுபோய் நிறுத்துவதாகும். மீதிப் பாதியை வேகத்தடைகள் பார்த்துக்கொள்ளும்.

வெப்பத்தில் மட்டும் நிலைமை நேர்மாறானது. 1.7 மீட்டர் நீளத்தில் 40 பாகை வெப்ப வேறுபாட்டுக்குப் பாலிப்ரொப்பிலீன் பம்பர் 5 மி.மீ. அளவுக்கு நீளும், ஃபைபர் 2 மி.மீ. அளவிலும், காரின் இரும்பு 1 மி.மீ.க்கும் குறைவாகவும் நீளும். எனவே இடைவெளிகளைச் சீராக வைத்திருப்பதில் ஃபைபருக்கு உண்மையிலேயே ஒரு சாதகம் உண்டு. ஆனால் நீள்வதற்குரிய அந்தச் சிறு இடத்தையும் திருகுத் துளையில் மறுத்துவிட்டால் அந்தச் சாதகம் வீணாகிறது.

ஃபைபர் என்றால் எடை குறைவு என்ற நம்பிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். இரும்பு பானெட்டை மாற்றும்போது அது மெய். பம்பரில் அது மெய்யல்ல. கையால் வார்த்த மேட் ஃபைபரின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.4 முதல் 1.5 கிராம், பம்பர் பிளாஸ்டிக் 1 கிராமை ஒட்டியே நிற்கும். ஒரே தடிமனில் ஃபைபர் பம்பர்தான் கனம். ஃபைபரின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: பெரும் முதலீட்டு அச்சுகளும் எந்திரங்களும் இன்றி, ஒரு ரோலரும் பிரஷும் கொண்டு ஒற்றைப்படை வடிவங்களைச் செய்துவிடலாம். 1980-களின் இறுதியில் பந்தய வீரர் எஸ். கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி முதலாகக் கோவையில் பந்தயக் கார்களுக்கு நீண்ட மரபு உண்டு என்பதால், இந்தக் கைவேலை இந்த ஊருக்குப் புதிதும் அல்ல.

வெட்டி ஒட்டிய முறை

குறுக்குச் சட்டத்தை அதன் அசல் இடத்தில் பூட்டிய பிறகே எந்த அளவும் எடுக்கப்பட்டது. சட்டத்தில் இடித்த உட்புறப் பகுதிகளைப் பம்பரின் பக்கமே குறைத்தோம். சட்டத்தில் கை வைக்கவில்லை.

அகலத்தைக் குறைக்க வேண்டும் என்றவுடன் பலரும் சொல்லும் யோசனை, பம்பரை நடுவில் வெட்டி 80 மி.மீ. எடுத்துவிட்டு ஒட்டுவது. இந்தக் காரில் அது முற்றிலும் தவறாகும். எவோவில் கூடிய அகலம் ஃபெண்டர்களின் புடைப்பில்தான் இருக்கிறது. ஹெட்லைட்டுகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறவில்லை. நடுவில் குறைத்தால் ஹெட்லைட் வெட்டுகள் இரண்டும் உள்ளே நகர்ந்து, பம்பர் எங்குமே பொருந்தாமல் போகும். எனவே ஹெட்லைட்டின் வெளிவிளிம்புக்கு நேர் கீழாக, பம்பர் முகப்பிலிருந்து பக்கவாட்டுக்குத் திரும்பும் கோட்டில் வெட்டுவதென்று முடிவாயிற்று. அங்கிருந்து சக்கர வளைவு வரையுள்ள பக்க இறக்கையின் நீளம் சுமார் 50 செ.மீ. அதன் பின்முனை 40 மி.மீ. உள்ளே வருவதற்கு, இறக்கையை 4 முதல் 5 பாகை திருப்பினால் போதும். முகத்தில் ஒரு நேர்வெட்டும், மேல் மடிப்பிலும் கீழ் உதட்டிலும் ஒரு விரற்கடைக்கும் குறைந்த அகலமுள்ள ஆப்பு வடிவ வெட்டும் தந்தவுடன் இறக்கை தானாக ஃபெண்டரை நோக்கிச் சாய்ந்தது. அதுவரை இறுக்கித் திணித்தும் வராத பொருள் கையின் எடைக்கே வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, முந்தைய பொருத்தலில் அந்தத் திருகுகள் எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று உரிமையாளருக்கே புரிந்தது.

வெட்டின் மேல் வெளிப்புறமாகச் சிறு அலுமினியப் பட்டைகளைத் திருகி நிலையை உறுதிசெய்துவிட்டு, பம்பர் காரிலேயே இருக்க, எட்டிய இடங்களில் உட்புறமாக முதல் அடுக்கு போடப்பட்டது. கழற்றிக் கீழே வைத்து ஒட்டினால் அது வேறொரு வளைவில் இறுகிவிடும். முதல் அடுக்கு இறுகிய பின் கழற்றி முழு ஒட்டையும் செய்தோம். பழைய ஃபைபரோடு புதியது சேரும் இடத்தில் ரசாயனப் பிணைப்பை நம்புவதற்கில்லை. அங்கே நடப்பது வெறும் ஒட்டுதான். எனவே ஒட்டும் பரப்பை அகலப்படுத்துவதே வழி. தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்ப்பது வழக்கம், 3 மி.மீ. தடிமனுக்கு வெட்டின் ஒவ்வொரு புறமும் 36 மி.மீ. சரிவு. சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்து, தூசியை நீக்கி, அசிட்டோனால் துடைத்த பிறகு, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட்டைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கடுக்காக வைத்தோம். ரெசினாக வினைல் எஸ்டரைத் தேர்ந்தோம்; பழைய பாலியெஸ்டரின் மேல் சாதாரண ரெசினைவிட அது நன்றாகப் பிடிக்கும், மேட்டின் பசையையும் கரைக்கும். ரெசின் ஏறாமல் வெளுத்துக் கிடந்த பகுதிகளின் மேல் புது மேட் போடுவதில் பயனில்லை. அவற்றைச் சுரண்டி நல்ல பரப்பு தெரியும்வரை எடுத்தாக வேண்டும்.

சக்கர வளைவை ஒட்டிய விளிம்புக்குத்தான் அதிக நேரம் சென்றது. எவோவுக்கான விளிம்பு வெளிப்புறம் புடைத்தது. நமக்கு வேண்டியதோ தட்டையான ஃபெண்டரை ஒட்டி ஓடும் விளிம்பு. இதற்குக் காரின் ஃபெண்டரையே அச்சாகப் பயன்படுத்தினோம். ஃபெண்டர் முனையின் மேல் மாஸ்கிங் டேப்பை இடைவெளியின்றி ஒட்டி, அதன்மேல் 4 மி.மீ. தடிமனுள்ள அட்டையை ஒட்டி, அதற்கும் மேல் டேப் சுற்றி மெழுகு தேய்த்தோம். பழைய புடைப்பை வெட்டியெறிந்த பம்பரை அதன் எதிரே பூட்டி, இரண்டுக்கும் நடுவே ரெசினில் நனைத்த மேட்டை ஃபெண்டரின் மேலேயே படியவைத்தோம். இறுகியபின் அட்டையை உருவினால், ஃபெண்டரின் கோட்டை அப்படியே பின்தொடரும் விளிம்பும், மேலிருந்து கீழ்வரை சீரான 4 மி.மீ. இடைவெளியும் ஒருங்கே கிடைக்கின்றன. பட்டியைப் பூசித் தேய்த்துத் தேய்த்துக் கண்ணளவில் தேடும் கோட்டைவிட இது வேகமானது, துல்லியமானதும்கூட.

ரெசினைக் கலக்கும் விதம் பற்றி ஓர் எச்சரிக்கை. கடைகளில் ரெசின், கோபால்ட் ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் எனப்படும் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு ஆகிய மூன்றும் தனித்தனிப் புட்டிகளில் தரப்படும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதும் கலக்கிவிட்டு, பயன்படுத்தும் நேரத்தில்தான் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். அளவு பொதுவாக எடையில் 1 முதல் 2 சதவீதம். சித்திரை வெயிலில் 2 சதவீதம் போட்டால் டப்பாவிலேயே கெட்டியாகிப் புகையத் தொடங்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும் என்பதால் கண்ணாடி இன்றி அந்தப் புட்டியைத் திறக்கக் கூடாது. தேய்க்கும்போது எழும் தூசிக்கு முகத்தில் கட்டிய கைக்குட்டை போதாது. அதற்குரிய மாஸ்க் வேண்டும்.

பூட்டும் இடங்களில், உட்புறமாகச் சிறு இரும்புத் தகடுகளை மேட்டுக்குள் பொதித்து வைத்தோம். துளைகள் 6 மி.மீ. போல்ட்டுக்கு வேண்டியதைவிடப் பெரிதாக, நீள்வட்டமாக வெட்டப்பட்டு, ரப்பர் வளையமும் 25 மி.மீ. வாஷரும் சேர்க்கப்பட்டன. போல்ட்டை முடுக்கும்போது ரப்பர் சற்றே பிதுங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பம்பரை இடத்துக்கு இழுக்கும் வேலை போல்ட்டுக்குக் கிடையாது. போல்ட் இல்லாமலேயே பம்பர் தன் இடத்தில் உட்கார வேண்டும். அது நகராமல் பார்த்துக்கொள்வதே போல்ட்டின் வேலை.

கிரில்லும் காற்றும்

ஏசி குறைக்கான விடை கிரில்லில் இருந்தது. பம்பரின் பெரிய கீழ்த்திறப்பு ஏறத்தாழ 90 செ.மீ. அகலமும் 18 செ.மீ. உயரமும் கொண்டது, பரப்பு 1620 சதுர செ.மீ. அதன் நடுவில், குறுக்காக, 500 மி.மீ.க்கு 120 மி.மீ. அளவுள்ள நம்பர் பிளேட் மாட்டப்பட்டிருந்தது. அது மட்டுமே 600 சதுர செ.மீ.ரை மறைத்துவிட்டது. மீதியில் இருந்த அழகு வலையின் அறுகோணக் கண் 6 மி.மீ., கம்பி 2 மி.மீ. இத்தகைய வலையில் திறந்த பரப்பைக் கணிப்பது எளிது: கண்ணின் அளவைக் கண்ணும் கம்பியும் சேர்ந்த அளவால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்க வேண்டும். எட்டில் ஆறு, அதன் வர்க்கம் 56 சதவீதம். ஆக 1620 சதுர செ.மீ. திறப்பில் காற்றுக்கு உண்மையில் கிடைத்தது சுமார் 570 சதுர செ.மீ. மட்டுமே.

இதிலுள்ள முரண் கவனிக்கத்தக்கது. எவோ 6 காரில் முன் நம்பர் பிளேட் நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்த்தப்பட்டதே, ரேடியேட்டருக்கும், டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் காற்று தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதற்காகத்தான். அந்த முகத்தை நகலெடுத்தவர்கள், அந்த முகம் அப்படி அமைந்ததன் காரணத்தின் மேலேயே பிளேட்டைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்.

எனினும் திறப்பு குறுகியது மட்டும் சிக்னலில் மட்டுமே வரும் குறையை விளக்காது. நிற்கும் காரில் காற்றை இழுப்பது விசிறி. எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, ரேடியேட்டரின் பக்கவாட்டில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தோம். புகை பின்னோக்கிப் போகாமல், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னுக்கு வளைந்து வந்து மறுபடி, ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்குள் நுழைந்தது. அசல் அமைப்பில் பம்பருக்கும் ரேடியேட்டர் சட்டத்துக்கும் நடுவே காற்றை வழிப்படுத்தும் தடுப்புகள் இருக்கும். ஃபைபர் பம்பர்களோடு அவை வருவதில்லை. பழையவற்றை எடுத்து மாட்டவும் யாரும் மெனக்கெடுவதில்லை. முன்பக்கத் திறப்பு நெருக்கமாக, பக்கவாட்டு இடைவெளி தாராளமாக இருந்தால், விசிறி எது எளிதோ அதைத்தான் இழுக்கும்: தான் சற்றுமுன் வெளியே தள்ளிய சூடான காற்றை. ஏசியில் கேஸ் நிரப்பியதால் இது சரியாகியிருக்க வழியே இல்லை.

புதிய கிரில்லுக்கு 12 மி.மீ. கண்ணும் 2 மி.மீ. கம்பியும் கொண்ட அறுகோண வலை தேர்ந்தெடுக்கப்பட்டது. திறந்த பரப்பு 73 சதவீதம். நம்பர் பிளேட்டை, திறப்பை மறைக்காமலும் எழுத்துகள் நிமிர்ந்து தெளிவாகத் தெரியும்படியும் ஓரத்துக்கு மாற்றினோம். இப்போது காற்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1180 சதுர செ.மீ., முன்பிருந்ததைப்போல் இரு மடங்கு. வலையை நேரடியாகப் பம்பரில் ஒட்டிவிடாமல் ஒரு சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தைப் பின்புறமிருந்து திருகினோம்; கல் பட்டு வலை நசுங்கினால் பம்பரைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம். வலைக்குக் கருப்புப் பெயிண்ட் மெல்லியதாகவே அடிக்கப்பட்டது, தடித்த பூச்சு கண்களைச் சுருக்கிவிடும் என்பதால். பக்கவாட்டு இடைவெளிகளை ரப்பர் தகடு கொண்டு மூடினோம். அதன்பின் ஊதுபத்திப் புகை நேராக உள்ளே சென்றது.

பெயிண்டுக்கு முன்னும் பின்னும்

கருப்பு நிறம் இந்த வேலையைக் கடினமாக்கியது. கோடை வெயிலில் கருப்புப் பரப்பு 70 பாகையைத் தாண்டிவிடும். சாதாரண பாலியெஸ்டர் அந்த வெப்பத்தில் இளகத் தொடங்கி, பெயிண்டுக்கு அடியில் மேலும் இறுகிச் சுருங்கும். இழைகள் சுருங்காது, ரெசின் சுருங்கும். அதனால்தான் இழையின் தடம் மேலே எழும்பித் தெரிகிறது. பெயிண்டர் மேல் தவறில்லை. இதற்குத் தீர்வு, அந்தச் சுருக்கத்தைப் பெயிண்டுக்கு முன்பே நடத்தி முடித்துவிடுவதுதான். ஒட்டு வேலை முடிந்த பம்பரைக் காரில் பூட்டி, ப்ரைமர் நிலையிலேயே பல நாட்கள் வெயிலில் நிறுத்தினோம். காரில் பூட்டிய நிலையில் சூடானதால் வலப்பக்கத் தாழ்வும் பெரும்பாலும் சரியாகியது. வண்டியைக் கேட்டு உரிமையாளர் நாள்தோறும் பேசினார். இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

கீழ்விளிம்புக் கொப்புளங்களுக்குக் காரணம் வேறு. அச்சிலிருந்து வார்ப்பை விடுவிக்கத் தடவிய மெழுகு அங்கே முழுதும் நீக்கப்படவில்லை. மெழுகைக் கரைப்பானால் துடைத்த பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும்; வரிசை மாறினால் தாளே மெழுகைப் பரப்பின் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றிவிடும். வார்ப்பின் வெளிப்புற ரெசின் பூச்சான ஜெல்கோட்டில் இருந்த ஊசித்துளைகளையும் விரலால் பட்டியை அழுத்தி நிரப்பினோம். அவற்றை விட்டுவைத்தால் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து பெயிண்டைத் தூக்கும். பிறகு எபாக்ஸி ப்ரைமர், சர்ஃபேசர், தண்ணீர் விட்டுத் தேய்ப்பு, நிறம், கிளியர் என வழக்கமான வரிசைதான். பிளாஸ்டிக் பம்பருக்குச் சேர்க்கும் நெகிழ்வுக் கலவை ஃபைபருக்குத் தேவையில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தால் சேர்ந்த 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்காக உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. முன்பக்கம் மாட்டும் இரும்புக் காவல்கம்பிகளுக்கு எதிராக மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. வெளி மூடியை மட்டும் மாற்றுவது கட்டமைப்பு மாற்றமாகாது என்று வாதிடலாம். ஆனால் குறுக்குச் சட்டத்தைக் கழற்றிய கார் அந்த வாதத்தை இழந்துவிடுகிறது. இறுதி முடிவு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் கையில் இருப்பதால், உரிமையாளரை அங்கே விசாரிக்கவும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும், அசல் பம்பரை விற்காமல் வைத்திருக்கவும் சொன்னோம்.

மழைக்காலம் கழிந்து கார் திரும்பி வந்தபோது

சக்கர வளைவின் இடைவெளி இரு பக்கமும் மாறாமல் இருந்தது. போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இல்லை. மேல்முகத்தில் இழைத்தடம், வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அது முந்தைய வார்ப்பில் தடிமன் மிகக் குறைந்திருந்த பகுதி, அதை முழுதாக மாற்றாமல் உட்புறம் மட்டும் பலப்படுத்தியிருந்தோம். நெரிசலில் நின்றாலும் ஏசி குளிர்ச்சி குறைவதில்லை என்றார் உரிமையாளர். முள்ளும் நடுவைத் தாண்டவில்லை. செலவைப் பொறுத்தவரை, சரிசெய்த கூலி பம்பரின் விலையைத் தாண்டிவிட்டது என்பதை அவர் மறைக்காமல் சொன்னார். முதலிலேயே எவோ 4 வடிவத்தை வாங்கிக் குறுக்குச் சட்டத்தைக் கழற்றாமல் மாட்டியிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது.

தீராமல் நிற்பது கீழ் உதடு. எவோ வடிவத்தின் தாழ்வு நம் ஊர் வேகத்தடைகளுக்கு ஏற்றதன்று; இடப்பக்க நுனியில் தரை உரசிய தழும்பு ஏற்கெனவே விழுந்திருக்கிறது. உதட்டின் கீழ் 5 செ.மீ.ரைத் தனியாக வெட்டி, கருப்பு ரப்பர் பட்டையாக மாற்றித் திருகிவிடலாம் என்று சொல்லியிருக்கிறோம். வடிவம் கெடும் என்று அவர் தயங்குகிறார்.